பாசிமணி லேஸ் நெக்லஸ்: முதல் முறை பின்னுகிறவர்களுக்கு

நான் பின்னிய முதல் லேஸ் நெக்லஸ் அக்காவுக்குப் போனது. தோளில் படியாமல், கழுத்தைச் சுற்றிக் குழாய் மாதிரி நின்றது. இரண்டாவது அத்தைக்கு. ரோஜா நிற மணிகள் இரண்டே மாதத்தில் வெளுத்து, பல் நிறத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவதைச் சித்தி மாட்டிக்கொள்ளும்போதே கொக்கிப் பக்கம் நூல் நழுவி, மணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடின. மூவரும் "பரவாயில்லை, அழகாத்தான் இருக்கு" என்றார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

பிறகு மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். பின்னலில் பெரிய குறை எதுவும் இல்லை. கணக்குப் போடாமல் தொடங்கியது, மணியைச் சோதிக்காதது, வளையத்தைக் கவனிக்காதது என்று எல்லாமே ஊசியில் நூல் கோக்கும் முன்பே செய்த தவறுகள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, பின்னுவதற்கு முந்தைய வேலையைப் பற்றித்தான். அவசரப்பட்டு ஆறாவது படிக்குத் தாவாதீர்கள்.

இங்கே சொல்லப்போவது ஊசியாலும் நூலாலும் பின்னும் வலைப்பின்னல். குரோஷே ஊசியால் பின்னுவது வேறு வேலை. முதல் நெக்லஸுக்கு வலைப்பின்னல்தான் சுலபம், தப்பு வந்தால் எங்கே வந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

1. முதலில் ஒரு சீட்டு எழுதுங்கள்

யாருக்குச் செய்கிறீர்களோ அவருக்கென்று ஒரு சிறிய அட்டை. அதில் எழுத வேண்டியவை: கழுத்தின் அடிப்பகுதிச் சுற்றளவு, நெக்லஸ் எந்த இடத்தில் விழ வேண்டும், உலோகம் பட்டால் தோலில் அரிப்பு வருமா, கொக்கியைத் தாமே மாட்டிக்கொள்ள முடியுமா, அடிக்கடி போடுகிற உடைகளின் நிறம்.

கழுத்தை அளக்க டேப் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றிப் பார்த்து, அந்த நூலை அளவுகோலில் வையுங்கள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அளவு கேட்காமல் செய்வது பெரிய வம்பு. அளவு கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர் வழக்கமாகப் போடும் மாலை ஒன்றை அளந்துகொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பின்பக்கம் ஐந்து செ.மீ. நீட்டுச் சங்கிலி வைத்துச் சமாளிக்கலாம்.

கொக்கி பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சின்னஞ்சிறு லாப்ஸ்டர் கொக்கி (நகத்தால் சிறு நெம்பை இழுத்துத் திறக்கும் வகை) ஒரு தண்டனை. அவர்களுக்கு டாகிள் கொக்கி நல்லது: ஒரு வளையம், அதற்குள் நுழைக்கும் ஒரு குச்சி, அவ்வளவுதான். காந்தக் கொக்கி இன்னும் சுலபம். ஆனால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குக் காந்தம் எதுவும் வேண்டாம்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நகையைச் செய்யவே செய்யாதீர்கள். நூல் அறுந்தால் ஒவ்வொரு மணியும் வாய்க்குள் போகிற பொருள். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவுக்குச் செய்வதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். லேஸ் கண்ணிகளில் குழந்தையின் விரல் நன்றாக மாட்டும்.

2. மணி: எண், எடை, நிறம்

பாசிமணியின் அளவு 15/0, 11/0, 8/0, 6/0 என்று எண்ணில் வரும். எண் கூடக் கூட மணி சிறியது. 8/0 ஏறக்குறைய 3 மி.மீ., 11/0 ஏறக்குறைய 2 மி.மீ., 15/0 ஒன்றரை மி.மீ. முதல் லேஸுக்கு 11/0 எடுங்கள். 15/0 பின்னினால் அழகு அள்ளும், ஆனால் கண் போய்விடும். 8/0 பின்னினால் லேஸ் வலைக் கம்பி மாதிரி இருக்கும்.

ஜப்பானில் செய்கிற மியூக்கி, டோஹோ மணிகள் ஒன்றுபோல இருக்கும், துளையும் பெரிது. செக் நாட்டு மணிகள் கொஞ்சம் தட்டை, ஒன்றுக்கொன்று அளவு மாறும். அவற்றுக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரே அளவு மணிதான் கை கொடுக்கும். உருளை வடிவ டெலிக்கா மணியை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அது தட்டையாக நெருக்கிப் பின்னுவதற்கானது. வலைப்பின்னலில் அதன் விளிம்புகள் முட்டிக்கொள்ளும், கண்ணி வளையாது.

மணியை எண்ணி விற்க மாட்டார்கள், எடை போட்டுத்தான் விற்பார்கள். ஜப்பானிய 11/0 வட்ட மணி ஒரு கிராமுக்கு 110 அளவில் இருக்கும். கீழே நான் சொல்லும் நெக்லஸுக்கு வேண்டியவை:

- வெள்ளை 11/0: 1,326 மணி, அதாவது ஏறக்குறைய 12 கிராம்
- நீலம் 11/0: 135 மணி, ஒன்றேகால் கிராம்
- அடியில் தொங்க 4 மி.மீ. மணி: 43

வெள்ளையும் நீலமும் உதாரணத்துக்குத்தான். உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டும் தெளிவாக வேறுபடட்டும். நீல மணிதான் ஊசி நுழையும் இணைப்பு மணி. அது பளிச்சென்று தெரிந்தால் எண்ணிக்கை தவறாது.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. மணி பெரும்பாலும் 10 கிராம் பொதியாக வரும். "ஒன்று போதும்" என்று வாங்கினால் கடைசி வரிசையில் மணி தீரும். மறுபடி வாங்கும் பொதியில் அதே எண், அதே பெயர் இருக்கும், நிறம் மட்டும் ஒரு சாயல் தள்ளி நிற்கும். சாயத் தொகுதி மாறிவிட்டது. இரண்டு பொதியை ஒரே நேரத்தில் வாங்கி, இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள். பொதிச் சீட்டைக் கிழித்து எறியாமல் அட்டையின் பின்பக்கம் ஒட்டுங்கள்.

அடுத்தது அத்தையின் ரோஜா நிறம். கண்ணாடியின் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருந்தால் போகாது. மேலே சாயம் பூசிய மணி வெளுக்கும். பளிச்சிடும் ரோஜாவும் ஊதாவும் பெரும்பாலும் இந்த வகை. உலோகம் போல மின்னும் கால்வனைஸ்டு மணிகளில் பூச்சு தோலில் உரசி உரிந்துவிடும். பூச்சு நிற்கும்படி செய்த வகைகளும் உண்டு, மியூக்கியின் டுராகோட் அப்படி ஒன்று. சந்தேகமான நிறமா? இப்படிச் சோதியுங்கள்:

- பத்து மணியை நூலில் கோத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். பிறகு தாளைப் பிரித்து ஒப்பிடுங்கள்.
- இன்னும் ஐந்து மணியை நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் நனைத்த பஞ்சில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த மணி கழுத்துக்கு ஆகாது.

இரண்டு வாரம் காத்திருப்பது எரிச்சல்தான். அந்த நேரத்தில் ஐந்தாவது படியைச் செய்யலாம்.

3. நூலும் ஊசியும்

தையல் நூல் வேண்டாம், மணியின் துளை விளிம்பில் பிசிறிப் போகும். மீன்பிடி நரம்பும் வேண்டாம். வாங்கும்போது வலுவாகத் தெரியும், பிறகு சுருண்ட சுருள் நிமிராது, லேஸும் விறைத்து நிற்கும்.

இந்த வேலைக்கு இரண்டு வகை நூல் சரிப்படும். ஒன்று, மணி கோக்கவென்றே வரும் நைலான் நூல். மென்மையானது, லேஸ் துணி மாதிரி தொங்கும். கொஞ்சம் இழுபடும், அதனால் பின்னும் முன் ஒவ்வொரு முழமாகக் கையால் இழுத்துவிட வேண்டும். இன்னொன்று ஃபயர்லைன் போன்ற பாலிஎத்திலின் நூல். இழுபடாது, எளிதில் அறாது, ஆனால் கொஞ்சம் விறைப்பு. அதன் சாம்பல் நிறம் வெள்ளை மணியில் கறை போல ஏறும் என்பதால் முன்கூட்டியே ஒரு துணியால் உருவித் துடைக்க வேண்டும். நெக்லஸுக்கு நைலான், கையில் போடும் பிரேஸ்லெட்டுக்கு ஃபயர்லைன் என்பது என் வழக்கம். பிரேஸ்லெட் நாளெல்லாம் மேசையில் உரசும்.

நூலின் நிறமும் முக்கியம். ஒளி ஊடுருவும் மணியில் நூல் அப்படியே தெரியும். வெள்ளை மணிக்குள் கறுப்பு நூல் போனால் மொத்தமும் சாம்பலாகிவிடும்.

ஊசி எண்ணும் மணி மாதிரிதான், எண் கூடினால் ஊசி மெல்லியது. 11/0 மணிக்கு 10 அல்லது 11 எண் மணி ஊசி. கடைசி வரிசையில் துளை நெருக்கமாகும்போது மாற்றிக்கொள்ள 12 எண் ஊசி ஒன்றிரண்டு. இந்த ஊசிகள் வளையும், உடையும், அதனால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். நூலை ஊசியின் காதுக்குள் நுழைக்கும் முன் அதன் நுனியைப் பற்களுக்கிடையில் அழுத்தித் தட்டையாக்குங்கள். பாட்டி சொல்லிக் கொடுத்த வித்தை, இன்றும் இதற்கு மாற்று இல்லை.

தேன்மெழுகுக் கட்டி ஒன்று இருந்தால் நூலை அதில் ஒரு முறை உருவிக்கொள்ளலாம், சிக்கு குறையும். அதிகம் தடவினால் மணித் துளையில் அடையும்.

4. கொக்கியும் வளையமும்

சித்தியின் நெக்லஸ் அறுந்த இடம் இதுதான். நூல் அறுந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் நூல் முழுசாக இருந்தது. நான் நூலை மாட்டியது பிளவுள்ள இணைப்பு வளையத்தில். அந்த மயிரிழைப் பிளவின் வழியாக நூல் நழுவிப் போயிருந்தது.

ஆகவே நூல் தொடும் வளையம் பற்றவைத்து மூடிய வளையமாக இருக்க வேண்டும். பிளவுள்ள வளையத்தை அந்த மூடிய வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே போட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் கொக்கி கெட்டாலும் பின்னலைத் தொடாமல் மாற்றிவிடலாம்.

அரிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். மலிவான கொக்கியில் மேலே தங்க நிறமும் அடியில் நிக்கலும் இருக்கும், மேல்பூச்சு தேய்ந்ததும் தோல் சொல்லிவிடும். டைட்டானியம், நியோபியம் இரண்டிலும் நிக்கல் தொல்லை இல்லை. காதுத் தோட்டுக் கம்பிக்கு இவை மிக நல்லவை. கழுத்துக்குத் தரமான வெள்ளிக் கொக்கியும் போதும்.

5. மாதிரித் துண்டு

யாரும் செய்ய விரும்பாத படி. நானும் முதல் மூன்று முறை செய்யவில்லை, பலனை மேலே படித்தீர்கள்.

ஆறாவது படி முதல் எட்டாவது வரை சொல்வதை ஐந்தே கட்டத்துக்குப் பின்னுங்கள். ஒரு நீலமும் ஐந்து வெள்ளையும் சேர்ந்தது ஒரு கட்டம். அடிவரிசையில், அதாவது கழுத்தை ஒட்டி வரும் தொடக்க வரிசையில், நீலம் ஒன்று, வெள்ளை ஐந்து, மறுபடி நீலம் என்று போய் நீலத்தில் முடியும் 31 மணி. பின்னி முடித்ததும் ஓர் இரவு குண்டூசியில் தொங்கவிட்டு, மறுநாள் மேசையில் வைத்து அளந்து பாருங்கள். முதல் நீல மணியின் இடது ஓரத்திலிருந்து கடைசி நீல மணியின் இடது ஓரம் வரை உள்ள நீளத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு கட்டத்தின் நீளம் கிடைக்கும். எனக்கு 8.7 மி.மீ. வருகிறது. இறுக்கிப் பின்னுகிறவருக்குக் குறையும்.

இனி கணக்கு. முடிவு நீளம் 42 செ.மீ. வேண்டும், கொக்கியும் வளையங்களும் 2 செ.மீ. எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு மீதி 40 செ.மீ. இரு முனைகளிலும் வரும் மணிகளுக்கு ஒரு செ.மீ. கழித்து, 390 மி.மீ.-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 கட்டம். இரண்டாவது படியில் சொன்ன எடையெல்லாம் இந்த 45 கட்டத்துக்குத்தான். உங்கள் எண் வேறானால் அதற்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

அக்காவின் நெக்லஸ் ஏன் குழாயாக நின்றது என்பதும் இங்கேதான் புரியும். கழுத்தைச் சுற்றிய பின்னல் ஒரு வட்டம். ஒரு செ.மீ. அகலம் கூடினால் வெளி விளிம்பின் சுற்றளவு ஆறு செ.மீ.க்கு மேல் கூட வேண்டும். நான் எல்லா வரிசையிலும் ஐந்தைந்து மணியே போட்டிருந்தேன். வெளி விளிம்புக்கு விரிய இடமில்லை. அதனால்தான் கீழே உள்ள வரிசைகளில் மணி 5, 7, 9 என்று ஏறுகிறது. ஏற்றத்தை இன்னும் கூட்டினால் விளிம்பு கொசுவம் கொசுவமாகச் சுருங்கும். அதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு.

6. அடிவரிசை

இரண்டு மீட்டர் நூல் எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் சிக்குப் பிரிப்பதிலேயே பொழுது போகும். நுனியிலிருந்து 25 செ.மீ. விட்டு ஒரு தடுப்பு மணியைக் கோத்து, அதன் வழியாகவே இன்னொரு முறை ஊசியை விட்டு இறுக்குங்கள். மற்ற மணிகள் கழன்று ஓடாமல் இது பிடித்துக்கொள்ளும், பிறகு எடுத்துவிடலாம். தடுப்பு மணி வேறு நிறமாக இருக்கட்டும்.

இடமிருந்து வலமாகக் கோத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை மூன்று (முனை மணிகள்), நீலம் ஒன்று, பிறகு "வெள்ளை ஐந்து, நீலம் ஒன்று" என்று 45 முறை, கடைசியில் வெள்ளை மூன்று. அடுத்து மூடிய வளையத்தைக் கோத்து, திரும்பி அதே மூன்று வெள்ளை வழியாகவும் கடைசி நீலம் வழியாகவும் உள்நோக்கி வாருங்கள்.

இங்கே ஒரு முறை முழுவதும் எண்ணுங்கள். எங்காவது ஐந்துக்குப் பதில் ஆறு வெள்ளை இருந்தால் இப்போதே தெரிய வேண்டும். அடிவரிசையை இழுத்துப் பிடிக்காதீர்கள், ஒரு மணி அளவு தளர்வு இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வரிசை ஏறியதும் விறைக்கும்.

7. முதல் இரண்டு வலை வரிசைகள்

முதல் வரிசை வலமிருந்து இடமாக. வெள்ளை மூன்று, நீலம் ஒன்று, வெள்ளை மூன்று எடுத்து, அடிவரிசையின் ஐந்து வெள்ளையைத் தாண்டி, அடுத்த நீலத்துக்குள் இடப்பக்கம் நோக்கி நுழையுங்கள். ஒரு கண்ணி தொங்கும். இப்படியே 45 கண்ணிகள்.

இடது முனையின் நீலத்தில் நுழைந்ததும் நேராக மூன்று முனை மணிகள் வழியாக வெளியே வாருங்கள். தடுப்பு மணியை எடுத்துவிட்டு இரண்டாவது மூடிய வளையத்தைக் கோத்து, முனை மணிகள், நீலம் வழியாகத் திரும்பி உள்ளே போங்கள். இப்போது ஊசி வலப்பக்கம் பார்க்கும். கடைசியாகப் பின்னிய கண்ணியின் மூன்று வெள்ளை வழியாக இறங்கி, நடு நீலத்தில் வெளியே வாருங்கள். இப்படித் திரும்புவதால் நூல் வெளியே தெரியாது, வளையத்துக்கும் இன்னொரு சுற்று வலு சேரும்.

இரண்டாவது வரிசை இடமிருந்து வலமாக. வெள்ளை நான்கு, நீலம் ஒன்று, வெள்ளை நான்கு எடுத்து, அடுத்த கண்ணியின் நடு நீலத்துக்குள் நுழையுங்கள். 44 கண்ணிகள் வரும், ஒன்று குறைவது சரிதான். வலது முனையில் கடைசி நடு நீலத்திலிருந்து மூன்று வெள்ளை வழியாக மேலேறி, முனை நீலம், முனை மணிகள், வளையம் என்று சுற்றி அதே வழியில் திரும்பி இறங்கி, நடு நீலத்தைக் கடந்து, இரண்டாவது வரிசைக் கண்ணியின் நான்கு வெள்ளை வழியாக அதன் நீலம் வரை வாருங்கள்.

ஊசி மணிக்குள் போகும்போது அதில் ஏற்கனவே உள்ள நூலைக் குத்திவிடாமல் பாருங்கள். குத்தினால் அந்த நூல் பிளந்து, பின்னலைப் பிரிக்கவே முடியாமல் போகும். ஊசி சற்றே தடுக்கினால் பின்வாங்கி மறுபடி நுழையுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளாதீர்கள். மணி உடையும்.

ஒரு கண்ணியில் ஒரு மணி அதிகம் என்று பத்துக் கண்ணி தாண்டியபின் கண்டுபிடித்தால்? மொத்தமும் பிரிக்க வேண்டாம், அந்த ஒரு மணியை உடைத்து எடுக்கலாம். குறடால் வெளியிலிருந்து நசுக்கினால் சில்லு நூலை வெட்டும். தடித்த ஊசி ஒன்றை மணியின் துளைக்குள் நுழைத்து, உள்ளிருந்து வெளியே அழுத்துங்கள். மணி வெளிப்பக்கமாக வெடிக்கும். கண்ணாடித் துகள் பறக்கும், ஆகவே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திச் செய்யுங்கள். மணி குறைவாக இருந்தால் இந்த வித்தை செல்லாது, அதுவரை பிரித்தாக வேண்டும்.

8. அடி விளிம்பு

லேஸ் என்ற பேரே இந்த வரிசையால்தான் வருகிறது. வலமிருந்து இடமாக: வெள்ளை நான்கு, 4 மி.மீ. மணி ஒன்று, வெள்ளை மூன்று எடுங்கள். கடைசி மூன்றை விட்டுவிட்டு, பெரிய மணி வழியாக மட்டும் மேல்நோக்கித் திரும்புங்கள். மூன்று வெள்ளையும் மொக்கு மாதிரி அடியில் குவியும். இதைத்தான் பிக்காட் என்கிறார்கள். இனி வெள்ளை நான்கு எடுத்து அடுத்த நீலத்துக்குள் நுழையுங்கள். இப்படி 43.

பெரிய மணியாக வெட்டுமுகக் கிரிஸ்டல் போட ஆசை வரும். அதன் துளை விளிம்பு கூர்மையானது, நாளடைவில் நைலானை அறுக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் அதன் இருபுறமும் ஒவ்வொரு 15/0 மணி வைத்து நூலைக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் வழுவழுப்பான வட்டக் கண்ணாடி மணியே போதும்.

மொக்கை இறுக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஐந்து தாண்டியபின் ஒன்றைத் திருத்த முடியாது.

9. நூல் தீரும்போது

இந்த நெக்லஸில் நூல் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். 15 செ.மீ. மீதி இருக்கும்போதே நிறுத்துங்கள். கடைசி அங்குலம் வரை இழுத்தடித்தால் முடிக்க இடமிருக்காது.

பழைய நூலைப் பின்னிய வழியிலேயே பின்னோக்கி ஓட்டி, இரண்டு வெள்ளை மணிகளுக்கு நடுவே அரை முடிச்சு (அங்கே ஓடும் நூலைச் சுற்றி, விழும் சுருக்குக்குள் ஊசியை விட்டு இழுப்பது), நாலைந்து மணி தாண்டி இன்னொன்று, இன்னும் நாலைந்து மணி ஓட்டிப் பிறகு வெட்டுங்கள். புது நூலையும் அதேபோல மூன்றாவது நான்காவது கண்ணியிலிருந்து தொடங்கி, பழைய நூல் வெளியே வந்த அதே மணியில் அதே திசையில் கொண்டுவாருங்கள்.

முடிச்சு நீல மணிக்குள் போகக் கூடாது. நீலத்தில் இன்னொரு வரிசையின் நூல் வரப்போகிறது. அங்கே முடிச்சு அடைத்தால் ஊசி நுழையாது. பசையை நம்பியும் இருக்காதீர்கள். அது துளையில் இறங்கி மணியை அடைத்துவிடும், நூலையும் கெட்டியாக்கும்.

கடைசி வரிசை முடிந்ததும் இடப்பக்க நீலத்திலிருந்து கண்ணிகள் வழியாக மேலேறி நூலை முடியுங்கள். தொடக்கத்தில் விட்ட 25 செ.மீ. வாலையும் ஊசியில் கோத்து, இடது வளையத்தைச் சுற்றி முனை மணிகள் வழியாக உள்ளே ஓட்டி முடியுங்கள். வெட்டும் முன் நெக்லஸை இரு கைகளிலும் பிடித்து மெதுவாக இழுங்கள். எங்காவது நூல் எட்டிப் பார்த்தால் இன்னும் கையில் நூல் இருக்கிறது, சரிசெய்யலாம்.

10. எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

இப்போது கை பழகியபின் எனக்கு அடிவரிசை முக்கால் மணி நேரம், முதல் வலை ஒன்றரை, இரண்டாவது இரண்டு, அடி விளிம்பு மூன்றரை, முடிப்பு ஒரு மணி நேரம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் முறை இதைப்போல இரண்டு மடங்கு ஆனது. ஒரே மூச்சில் உட்காராதீர்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தூரத்தில் எதையாவது பாருங்கள். வெளிச்சம் இடது தோள் பக்கமிருந்து விழட்டும், இடதுகைக்காரர்களுக்கு வலது. மேசையில் ஒரு கம்பளித் துணியை விரித்தால் மணி உருளாது.

பிறந்தநாளுக்கோ திருமணத்துக்கோ கொடுப்பதாக இருந்தால் நாளை எண்ணிப் பின்னோக்கி வாருங்கள். நிறச் சோதனைக்கு இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் என்று பின்னலுக்கு மூன்று வாரம், தப்பு திருத்த ஒரு வாரம். ஆக ஆறு வாரத்துக்கு முன்பே மணி கையில் இருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, என் முதல் கொள்முதலில் பாதி வீண். இருபது நிறம் வாங்கினேன், மூன்றைத்தான் பயன்படுத்தினேன். இரண்டு நிற மணி, ஒரு சுருள் நூல், ஒரு பொதி ஊசி, வளையங்கள், ஒரு கொக்கி: முதல் நெக்லஸுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மிச்சம் பிடிக்க நினைத்தால் பெரிய மணியில் பிடியுங்கள், நூலிலும் கொக்கியிலும் வேண்டாம். மணி எண்ணும் கருவி, மணி கோக்கும் சுழல் கிண்ணம் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு வெள்ளைத் தட்டு போதும்.

விலைக்கு வாங்கிய வடிவ வரைபடத்தைப் பார்த்துச் செய்தால், நகையைப் பரிசாகக் கொடுப்பதில் பொதுவாகச் சிக்கல் வராது. வரைபடத்தை நகலெடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவதுதான் தப்பு. விற்கும் எண்ணம் இருந்தால் வடிவமைத்தவர் அதில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

11. கொடுக்கும் முன்

ஒரு நாள் முழுக்க நீங்களே போட்டுப் பாருங்கள். கழுத்தில் குத்துகிறதா, முடி சிக்குகிறதா, கொக்கி தானாகத் திறக்கிறதா என்பதெல்லாம் மேசையில் தெரியாது. தோளில் படியாமல் ஒரு பக்கம் தூக்கினால், பெரும்பாலும் அந்தப் பக்கம் நீங்கள் இறுக்கிப் பின்னியிருப்பீர்கள். ஓர் இரவு தொங்கவிட்டால் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெட்டியில் தட்டையாக வைத்துக் கொடுங்கள், மடித்தால் நூலில் மடிப்பு விழும். வாசனைத் திரவியமும் கிரீமும் பூசியபின் கடைசியாகப் போட வேண்டும், குளிக்கும்போது கழற்ற வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை.

அதே பெட்டியில் ஒரு சின்ன உறையில் மீந்த வெள்ளை மணி முப்பது, நீலம் பத்து, பெரிய மணி இரண்டு, ஒரு மீட்டர் நூல் போட்டுவிடுங்கள். என்றைக்காவது ஒரு கண்ணி அறுந்தால் அது உங்களிடம்தான் திரும்பி வரும். அப்போது அதே சாயத் தொகுதி மணி உங்கள் டப்பாவில் இருக்காது. சித்திக்கு மறுபடி பின்னிக் கொடுத்தபோது உறையை வைத்தேன். இரண்டு வருஷம் கழித்துப் பேரன் இழுத்ததில் இரண்டு கண்ணி போயிற்று. அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தேன்.